ஏழாவது சாம்பியன் எங்கே?

அந்தப் புத்தகம் ஒன்றே முக்கால் கிலோ எடை. அதில் உண்மை எவ்வளவு என்று நிறுத்துப் பார்த்தால் தராசு முள் அசையவே அசையாது.

'ஏழுகடல் ஹெவிவெயிட் பட்டம்: ஐம்பது சாம்பியன்களின் வரலாறு' என்று அட்டையில் தங்க எழுத்து. கீழே தோகோ மல்யுத்த நிறுவனத்தின் முத்திரை. மொசுமே அதைப் பொதுக் குளியல் கூடத்தின் உடைமாற்றும் அறைப் பெஞ்சில் தொப்பென்று போட்டான்.

"ஏழு கடலாம் அக்கா! நாற்பத்தெட்டு வருஷத்துல இந்த பெல்ட் தாண்டின ஒரே தண்ணி, ஷிகோகு தீவுக்குப் போற படகுப் பாதைதான்."

குஜிராய் செட்சுகோ சிரிக்கவில்லை. இருபத்தாறு வருடம் ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் பிழை திருத்திவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் துப்பறியும் தொழிலுக்கு வந்தவள் அவள். மனிதரைப் பார்த்தாலும் சரி, மெனு கார்டைப் பார்த்தாலும் சரி, எங்கே தப்பு என்றுதான் கண் போகும். மொசுமே அவளுடைய ஒரே உதவியாளன். வயது முப்பது. வேலையில் பாதி நேரம் நடப்பான், மீதி நேரம் வாயடிப்பான்.

எதிரே ஈரத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார் ஹிராயானகி கோஸோ. எழுபத்திரண்டு வயது, முன்னாள் மல்யுத்த வீரர், இந்நாள் ஒசாகா குளியல் கூடத்து முதலாளி. கழுத்தில் துண்டு. முதலாளியும் அவரே, துடைப்பவரும் அவரே.

"ஐயா, இன்னொரு தடவை சொல்லுங்க. யோனாகோ ஊர்ல என்ன நடந்துச்சு?" என்றாள் செட்சுகோ.

"நாற்பத்தொரு வருஷம் ஆச்சும்மா. பிப்ரவரி மாசம். அன்னிக்குப் பனி கொட்டி ரயிலே ஓடல. பத்திரிகைக்காரன் ஒருத்தன் வரல. அறுநூறு பேர்தான் பார்த்தாங்க. அப்ப சாம்பியனா இருந்த நுகாகாவைத் தூக்கிப் பின்பக்கமா போட்டேன். ரெஃப்ரி மூணு எண்ணிட்டாரு. அவன் எழுந்திருக்கல."

"எழுந்திருக்க வேண்டாம்னு முன்னாடியே பேசி வச்சதா?" என்று கேட்டான் மொசுமே.

"எழுந்திருக்கணும்னுதான் பேசி வச்சது."

மொசுமே பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தான்.

"அவனால முடியல தம்பி. நிஜமாவே மயங்கிட்டான். எட்டு நாள் பெல்ட் எங்கிட்ட இருந்துச்சு. எட்டாம் நாள் எங்க ஊர் ஹமாதாவுல திரும்ப மோதினோம். அன்னிக்குப் பேசி வச்சபடியே எல்லாம் நடந்துச்சு, நான் தோத்தேன். ஆனா கம்பெனி பத்திரிகைக்கு போன்ல சொன்னது வேற. யோனாகோவுல பட்டப் போட்டியே நடக்கலையாம். ஹமாதாவுல நுகாகா அஞ்சாவது தடவையா தன் பட்டத்தைக் காப்பாத்திக்கிட்டானாம். பட்டிக்காட்டு ஆட்டத்தை வந்து பார்க்க யாரு இருக்கா? சொன்னதை அப்படியே அச்சடிச்சாங்க."

"அப்ப வாயை மூடிட்டிருந்துட்டீங்களே?"

"அப்புறமா பெரிய ஊர்ல ஒரு தடவை பட்டம் தர்றோம்னு சொன்னாங்க. நம்பினேன். முட்டாப்பய." அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "ஹமாதா ஹாலுக்குள்ள நடந்து போனது மட்டும் நேத்து மாதிரி இருக்கு. மீன் சந்தைப் பொம்பளைங்க கையைப் பிடிச்சுட்டு விடவே இல்ல. மெதுவாத்தான் போனேன். அதுல ஒருத்தி ஃபுசாயே. அவளைத்தான் அடுத்த வருஷம் கட்டிக்கிட்டேன்."

ஃபுசாயே இந்தக் குளியல் கூடத்துக் கல்லாவில் முப்பது வருடம் உட்கார்ந்தவள். வருகிறவர்களிடமெல்லாம் 'எங்க வீட்டுக்காரர் ஏழாவது சாம்பியன்' என்பாள். வருகிறவர்கள் சோப்பையும் துண்டையும் வாங்கிக்கொண்டு சிரிப்பார்கள். 'சாம்பியன், வெந்நீர் ஆறிப்போச்சு!' என்று உள்ளேயிருந்து கத்துவார்கள். போன வசந்தத்தில் அவள் போய்விட்டாள்.

"பொய்க்காரின்னு பேர் வாங்கிட்டே செத்தா. எனக்குப் பட்டம் வேண்டாம்மா, அதை அவனே வச்சுக்கட்டும். இன்னிக்கு மூணு மணிக்கு கம்பெனி விழாவுல பழைய சாம்பியன்களை எல்லாம் ரிங்குக்குக் கூப்பிடறாங்க. டிவியில காட்டறாங்க. அதுல ஒரே ஒரு தடவை என் பேரைக் கூப்பிடட்டும். அவ சொன்னது நிஜம்னு ஆகட்டும். அது போதும்."

செட்சுகோ பையிலிருந்து ஓர் உறையை எடுத்தாள். அன்று காலைதான் ஹமாதாவிலிருந்து கூரியரில் வந்தது. அந்த ஊர்ப் பழைய ஸ்டூடியோக்காரரின் மகள் அலமாரியைக் குடைந்து அனுப்பிய, அந்த ஹமாதா ஆட்டத்தின் ஒரே ஒரு படம். கறுப்பு வெள்ளை. ரிங்கின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு வீரர்கள். நடுவில் பெல்ட்டைக் கையில் ஏந்திய கோட்டுக்காரர். சுற்றிலும் ரசிகர்கள் எறிந்த காகிதச் சுருள்கள்.

மொசுமே எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "பிரயோஜனம் இல்லை அக்கா. இவங்க உலகத்துல சாம்பியன்னா எல்லாத்துலயும் கடைசி. சவால் விட்டவன் முதல்ல ரிங்குக்கு வருவான், முதல்ல அவன் பேரைக் கூப்பிடுவாங்க, அவனுக்கு நீல மூலை. சாம்பியன் கடைசியா வருவான், கடைசியா அவன் பேரு, சிவப்பு மூலை. கறுப்பு வெள்ளைப் படத்துல சிவப்பு ஏது, நீலம் ஏது? பெல்ட்டும் ரெண்டு பேர் கையிலயும் இல்ல. ஆட்டத்துக்கு முன்னாடி கோட்டு போட்ட இந்தப் போட்டிக் கமிஷனர்கிட்டத் திருப்பிக் குடுத்துடறாங்க."

"நுகாகாவோட ரசிகர்கள் என்ன நிறத்துல சுருள் எறிவாங்க?"

"கரு ஊதா. அதுவும் புத்தகத்துல ரெண்டு பக்கம் இருக்கு. அந்தாளு வீட்டுக் கழிவறை டைல்ஸ் நிறம் மட்டும்தான் விட்டுப்போச்சு."

"ஐயா, உங்களுக்கு?"

ஹிராயானகி வெட்கப்பட்டார். "வெள்ளை. கலர் காகிதம் ஹமாதாவுல கிடைக்காது. சந்தைக் கடையில இருக்கற பில் ரோலை எடுத்துட்டு வந்து எறிஞ்சாங்க."

செட்சுகோ படத்தை அவன் பக்கம் தள்ளினாள். "சுருள் எப்ப எறிவாங்க? பேரைக் கூப்பிடும்போது. முதல்ல கூப்பிட்டவனுக்கு எறிஞ்சது தரையில கிடக்கும். ரெண்டாவது ஆளுக்கு எறிஞ்சது அதுமேல விழும். இப்பப் பாரு. எது மேல, எது கீழ?"

மொசுமே மூக்கு படத்தில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தான். ரிங் நடுவில் கருஞ்சுருள்கள் பரவிக் கிடந்தன. அவற்றின் மேல், குறுக்கும் நெடுக்குமாக, வெள்ளை பில் ரோல்.

"அடேங்கப்பா! ஐயாவைத்தான் கடைசியில கூப்பிட்டிருக்காங்க. அன்னிக்கு அந்த ரிங்குல சாம்பியனா நின்னது இவரு!"

"சட்டை மாத்திட்டு வாங்க ஐயா, கிளம்பலாம்," என்றாள் செட்சுகோ.

ஒசாகாவின் நம்பா பக்கத்து அரங்கத்தில் பகல் பன்னிரண்டரைக்கே கூட்டம் வழிந்தது. வாசலில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பேனர்: 'ஐம்பதாவது சாம்பியன்!' இப்போதைய சாம்பியன் ஹயாசே அதில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய அங்கியின் முதுகில் 50 என்று வெள்ளி நூலில் எம்ப்ராய்டரி செய்திருந்தார்கள்.

உள்ளே நிருபர்களுக்கான அறையில் விலாங்குமீன் சாப்பாட்டுப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பன்னிரண்டு நிருபர்கள் வாய் நிறைய மென்றுகொண்டிருந்தார்கள். நாற்பத்தொரு வருடத்துக்கு முன் போனில் வந்ததை எழுதிய வம்சத்தின் வாரிசுகள் இவர்கள். அப்போது போன், இப்போது விலாங்குமீன். அவர்களில் மூத்தவர் ஷிகாமா, செட்சுகோவின் பழைய பத்திரிகைத் தோழர். அவர் தயவில்தான் செட்சுகோவும் மொசுமேயும் உள்ளே நுழைந்தார்கள். ஹிராயானகியை வெளியே நடைபாதை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

மேஜைக்குப் பின்னால் நிறுவனத் தலைவர் நுகாகா. ஆறாவது சாம்பியன், தொடர்ந்து பதின்மூன்று முறை பட்டத்தைக் காத்தவர், இன்றுவரை முறியாத சாதனை. இதையெல்லாம் அவரே மூன்று முறை சொல்லிவிட்டார். எழுபத்து நாலு வயது. தலைமயிரில் பூட்ஸ் பாலிஷ் போட்டது மாதிரி ஒரு கறுப்பு. அருகில் கமிஷனர் சுபோய், பட்டத்தின் புனிதத்தைக் காக்கும் பதவியில் இருப்பவர். அவர் காத்துக்கொண்டிருந்தது அந்த நேரத்தில் தன் பெட்டியின் கடைசி விலாங்குத் துண்டை.

"கேள்வி இருக்கா?" என்றார் நுகாகா.

செட்சுகோ எழுந்தாள். படத்தை மேஜையில் வைத்தாள். வெள்ளை மேல், கறுப்பு கீழ், பேர் கூப்பிட்ட வரிசை எல்லாவற்றையும் ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்தாள். "ஏழாவது சாம்பியன் ஹிராயானகி கோஸோவோட பேர் இந்தப் புத்தகத்துல ஏன் இல்ல?"

மென்று கொண்டிருந்த வாய்கள் நின்றன.

நுகாகா படத்தை எடுத்தார், தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அந்தக் குளியல்காரன் அனுப்பினானா? ஏம்மா, தரையில கிடக்கற குப்பையில எது மேல, எது கீழன்னு பார்க்க ஒரு துப்பறியற ஆளா? அன்னிக்கு அறிவிப்பாளர் செம போதை. பேரை முன்னுக்குப் பின் மாத்திக் கூப்பிட்டுட்டான். பாவம், செத்துட்டான். அவனைக் கேட்கவும் முடியாது."

நிருபர்கள் சிரித்தார்கள். சாப்பாடு போட்டவர் சிரித்தால் கூடச் சிரிக்க வேண்டாமா? ஷிகாமா கூடப் பேனாவை மூடிவிட்டார். மொசுமே பொருமினான். காலையிலிருந்து கட்டிய கோட்டையைச் செத்துப்போன ஒரு குடிகாரனைக் காட்டி ஒரே வரியில் இடித்துவிட்டான் கிழவன்!

"இவங்களை வெளிய அனுப்புங்கப்பா," என்றார் நுகாகா.

தடியர்கள் இரண்டு பேர் வந்தார்கள். செட்சுகோ எதிர்க்கவில்லை. படத்தைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். மொசுமே பற்களைக் கடித்துக்கொண்டு பின்னால் போனான். 'இவ்வளவுதானா? அந்த மனுஷன் முகத்துல எப்படி முழிக்கறது?'

கதவருகே அவள் திரும்பினாள்.

"மறந்துட்டேன். ஹிராயானகி ஐயா ஒண்ணு சொல்லச் சொன்னாரு. ஹமாதாவுல நீங்க பயந்துட்டீங்களாம். ஸ்டவ் கூட இல்லாத ஹால்ல, வெறும் உடம்போட அவரை ரிங்குல நிக்க வச்சிட்டு, நீங்க ரூமை விட்டு வெளியவே வரலையாம். பாவம்னு விட்டுட்டேன்னாரு."

மொசுமே அவளை முறைத்தான். காலையில் அவர் இப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே?

நுகாகாவின் கழுத்து சிவந்தது. பிறகு காது. பிறகு அந்த பாலிஷ் தலையின் ஓரம் வரைக்கும்.

"என்னது? நான் ஒளிஞ்சேனா?" மேஜையில் ஓங்கி அறைந்தார். சோயா சாஸ் பாட்டில் உருண்டது. "யாருடா யாரைக் காக்க வச்சது? நான் நின்னேன்! அந்தப் பிணக்கிடங்கு மாதிரி ஹால்ல, உடம்புல ஆவி பறக்க, ஏழு நிமிஷம் ரிங்குல தனியா நின்னேன்! ஏழு நிமிஷம்! அவன் மாப்பிள்ளை ஊர்வலம் வர்ற மாதிரி ஒவ்வொரு மீன்காரிக்கும் கை குடுத்துட்டு ஆடி அசைஞ்சு வர்றான்! கூட்டம் என்னைப் பார்த்துச் சிரிக்குது! இன்னிக்கு நினைச்சாலும் பத்திக்கிட்டு வருது எனக்கு! நானா ஒளிஞ்சேன்? கேட்டுப் பாருங்க அந்த ஊர்ல!"

பன்னிரண்டு நிருபர்கள். பன்னிரண்டு பேரும் வாழ்நாளில் ஆயிரம் பட்டப் போட்டி பார்த்தவர்கள். ஒரே நேரத்தில் பன்னிரண்டு தலைகளும் நிமிர்ந்தன. ஷிகாமா பேனாவின் மூடியை மெல்லத் திறந்தார்.

"தலைவரே, சரியா எழுதிக்கிறேன். நீங்க முதல்ல ரிங்குக்கு வந்தீங்க. ஹிராயானகி உங்களுக்கு அப்புறம் வந்தாரு. அப்படித்தானே?"

"ஆமாய்யா! ஏழு நிமிஷம் கழிச்சு!"

"அறிவிப்பாளர் குடிச்சதுனால பேர் மாறிப் போச்சு, ஒத்துக்கறேன். அறிவிப்பாளர் குடிச்சா உங்க காலும் முதல்ல நடந்து வந்துடுமா? சாம்பியன் ரிங்குல நின்னு சவால்காரனுக்காகக் காத்துக்கிட்டிருந்த பட்டப் போட்டி ஒண்ணு சொல்லுங்களேன்," என்றார் ஷிகாமா.

நுகாகா வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். கண்ணாடித் தொட்டியில் வாயைத் திறந்து மூடும் கெண்டை மீன் பார்த்திருந்தால், அதற்கே சலித்திருக்கும்.

மொசுமேக்கு அப்போதுதான் பொறி தட்டியது. நாற்பத்தொரு வருடமாக இந்த ஆள் தோல்வியை மறைத்தார், பேரை மறைத்தார், எண்ணை மறைத்தார். காக்க வைத்துவிட்டானே என்ற கடுப்பை மட்டும் மறைக்கத் தெரியவில்லை. அவ்வளவு பெரிய பொய்யைச் சுமந்தவர், அவ்வளவு சின்ன அவமானத்தைத் தாங்க முடியாமல் கொட்டிவிட்டார். சீ, இவரையா இத்தனை வருடம் கும்பிட்டார்கள்?

"அப்ப பதின்மூணு தடவை தொடர்ந்து காப்பாத்தின சாதனை?" என்று கேட்டார் ஒரு நிருபர்.

"நாலு, அப்புறம் ஒரு தோல்வி, அப்புறம் எட்டு," என்றாள் செட்சுகோ. "ஆறாவது சாம்பியன் நுகாகா, ஏழாவது ஹிராயானகி, எட்டாவது மறுபடியும் நுகாகா. அதுக்குப் பின்னால வந்த எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு கூடும். இன்னிக்கு விழா நாயகன் ஐம்பத்திரண்டாவது."

"எம்ப்ராய்டரிக்காரனுக்கு யாராவது போன் போடுங்கப்பா," என்றான் மொசுமே.

இந்தத் தடவை நிருபர்கள் நிஜமாகவே சிரித்தார்கள். பத்து நிமிடம் முன்பு அந்தப் பக்கம் சிரித்த அதே வாய்கள். கமிஷனர் சுபோய்க்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பட்டத்தின் புனிதத்தை முன்னிட்டு இன்றைய வரிசை திருத்தப்படும் என்று கம்பீரமாக அறிவித்தார். பட்டத்தின் புனிதம் அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

நுகாகா நாற்காலியை உதைத்தார். "நான் ரிங்குக்கு வர மாட்டேன்!"

"வராட்டி ஒளிஞ்சிக்கிட்டார்னு எழுதிடுவோம்," என்றார் ஷிகாமா, எழுதிக்கொண்டே.

மூன்று மணி. செட்சுகோவும் மொசுமேயும் பக்கவாட்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மொசுமே எதிர்க் கடையில் வாங்கிய பில் ரோல்களிலிருந்து நடுவிலிருக்கும் அட்டைக் குழாயை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தான்.

"எல்லாத்துலயும் எடுத்துட்டியா? எடுக்காம எறிஞ்சா மண்டை வீங்கும்."

"ஒண்ணுல மட்டும் எடுக்கல அக்கா. அது தலைவருக்கு."

"எடு!"

எடுத்தான், மனசே இல்லாமல். "அது சரி, ஐயா அப்படிச் சொல்லவே இல்லையே? பயந்து ஒளிஞ்சார்னு?"

"இல்ல. இருபத்தாறு வருஷம் பிழை திருத்தினவ, இன்னிக்கு ஒரு பிழையை நானே வச்சேன். தப்பா ஒண்ணு சொன்னா, அதைத் திருத்தாம இருக்க முடியாத ஆளு நுகாகா. மெதுவாத்தான் நடந்து போனேன்னு ஐயா சொன்னாரு இல்லையா? அப்ப யாரோ ஒருத்தர் ரிங்குல நின்னிருக்கணும்."

ரிங்கில் அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார். உயிரோடு இருக்கும் பழைய சாம்பியன்கள் வரிசையாக வந்தார்கள். நாலாவது, ஐந்தாவது. பிறகு, "ஆறாவது சாம்பியன், நுகாகா!"

கரு ஊதாச் சுருள்கள் பறந்தன. நுகாகா கயிற்றுக்குள் நுழைந்து, உறைந்த சிரிப்போடு நடுவில் நின்றார். டிவி கேமரா அவர் முகத்துக்கு நேராக.

"ஏழாவது சாம்பியன்..." அறிவிப்பாளர் கையிலிருந்த தாளை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "ஹிராயானகி கோஸோ!"

அரங்கமே ஒருவரை ஒருவர் பார்த்தது. யாருக்கும் தெரியாத பெயர். பின்வரிசை நிருபர்கள் எழுந்து விஷயத்தைக் கத்திச் சொன்னார்கள். சேதி வரிசை வரிசையாகத் தாவியது. ஏழு நிமிஷம், ஏழு நிமிஷம் என்று ஆள் ஆளுக்குச் சொல்லிச் சிரித்தார்கள். கடைசிக் கதவு திறந்தது. கழுத்தில் குளியல் கூடத்துத் துண்டோடு ஹிராயானகி நின்றார்.

மொசுமேயின் முதல் பில் ரோல் வெள்ளை வாலை விரித்துக்கொண்டு பறந்தது. செட்சுகோ இரண்டு எறிந்தாள். எறிந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அதை மறைக்கவும் இல்லை. "ஃபுசாயே அம்மா சொன்னது நிஜம்டா," என்றாள்.

ஹிராயானகி நடக்க ஆரம்பித்தார். நடை என்றால் அப்படி ஒரு நடை. ஓரமாக நின்ற ஒரு பெண் கையை நீட்டினாள். நின்று, இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். அடுத்தவள் நீட்டினாள். அதற்கடுத்தவர் நீட்டினார். ஒருவரையும் விடவில்லை.

"முட்டி வலிக்குதா ஐயாவுக்கு?" என்றாள் செட்சுகோ.

"முட்டியா? காலையிலதான் பாய்லர் ஏணியில விறுவிறுன்னு ஏறினாரு."

ரிங்கில் நுகாகாவின் சிரிப்பு கோணிக்கொண்டே போனது. கூட்டம் இப்போது வெளிப்படையாகவே அவரைப் பார்த்துச் சிரித்தது.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

மொசுமே கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "ஏழு தாண்டிடுச்சு அக்கா."

"இன்னும் ஏறலையா?"

"படிக்கட்டு வரைக்கும் வந்தாரு. ஒரு காலை மேல வச்சாரு. அந்தப் பக்கத்து வரிசையில யாரோ கூப்பிட்டாங்கன்னு, கை குடுக்கத் திரும்பிப் போயிட்டாரு."

நுகாகா காத்துக்கொண்டிருந்தார்.